உராய்வைப் புறக்கணிக்க

பதினான்காம் கணக்கு இப்படித் தொடங்குகிறது:
இரண்டு கிலோகிராம் திணிவுடைய ஹோவர்கிராப்ட் ஒன்று
கிடையான தளத்தில் ஓய்விலிருந்து புறப்படுகிறது.
உராய்வைப் புறக்கணிக்க.

சம்ஹா சத்தமாக வாசித்தாள்.
புதன்கிழமைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து
என் காதுக்கு வந்த முதல் வசனம்.
அதுவும் வினாத்தாளுடையது.

புதன்கிழமை, வலயப் பயிற்சியில்,
நான் ஒரு மறைக் குறியை விட்டுவிட்டேன்.
மோதித் திரும்ப வேண்டிய வண்டி
என் விடைத்தாளில் சுவரைத் துளைத்துக்கொண்டு போனது.
"உனக்குத் திசையே விளங்காதா?"
மூன்று பள்ளிக்கூடங்கள் கேட்டுக்கொண்டிருந்தன.

மீன் பெட்டியின் ரெஜிபோம் மூடி,
பழைய கணினிகளில் கழற்றிய காற்றாடி இரண்டு,
ஓரம் சுற்றிப் பொலித்தீன் பாவாடை,
பாரத்துக்கு, கன்டீன் ஜெகதாக்கா
எண்ணித் தந்த ஐம்பது பத்து ரூபாக் குற்றிகள்.
ஐந்து தரம் கழுவியாயிற்று.
ஆளியைப் போட்டால் மண்டபம் முழுக்கச்
சூடை மீன் எழும்புகிறது.

நிறை இருபது நியூட்டன்.
பரப்பு பூச்சியம் தசம் ஒன்று ஐந்து.
வகுத்தால் நூற்றுமுப்பத்துமூன்று பஸ்கால்.
அது எவ்வளவு என்று தண்ணீரில் மாற்றிப் பார்த்தேன்:
பதின்மூன்று மில்லிமீற்றர் ஆழம்.
என் சுண்டுவிரலின் அகலம்.

ஜன்னலுக்கு வெளியே உட்துறைமுகம்,
பெரிய கப்பலும் அடி தட்டாத ஆழம்.
எங்களுக்கோ
ஒரு சுண்டுவிரல் தண்ணீரின் அமுக்கம் போதும்
நிலத்தை விட்டெழ.
இதைச் சம்ஹாவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.
சொல்லவில்லை.

தூக்கும் காற்றாடியை மட்டும் போட்டேன்.
தள்ளுவதைத் தொடவேயில்லை.
எழும்பி, அப்படியே நிற்க வேண்டும்.
அது நகர்ந்தது.
கூட்டம் முடியுமுன் நழுவுகிறவரைப் போலக்
கதவை நோக்கி.
திருப்பி வைத்தேன். கதவு.
குறுக்கே வைத்தேன். வளைந்து, கதவு.

சம்ஹா பேனையை வைத்தாள்.
"ஊதினியா?"
"இல்ல."
அண்ணாந்து பார்த்தாள். காலையிலிருந்து கரண்ட் இல்லை,
மின்விசிறி ஒட்டடையோடு நின்றது.

சுண்ணக்கட்டியால் இரண்டு மீற்றர் கோடு போட்டாள்.
நிறுத்தற்கடிகாரத்தை என்னிடம் கேட்காமல் எடுத்தாள்.
ஆறு தசம் மூன்று செக்கன்.
ஆறு தசம் நான்கு.
மறுபடி ஆறு தசம் மூன்று.
ஆர்முடுகல் தசம் ஒன்று,
ஈர்ப்பு பத்து, வகுத்தால் நூறில் ஒன்று.

"மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர்!"
இரண்டு குரல்,
எது யாருடையதென்று பிரிக்க முடியாமல்.

மூன்று கிழமையாகச் சரிவில் நின்றுகொண்டு
கிடையான தளம் என்று எழுதியிருக்கிறோம்.
கடற்பக்கம் ஓடியதெல்லாம் கொஞ்சம் வேகம்,
மேடைப்பக்கம் ஓடியதெல்லாம் கொஞ்சம் சோம்பல்,
பழியெல்லாம் பற்றரிக்கு.

வாளியோடு வந்த பிலேந்திரன் சிரித்தார்:
"மட்டமா? ஆர் சொன்னது?
கழுவின தண்ணி வெளியால ஓட வேணாமா, பிள்ளையள்?"

சம்ஹா வினாத்தாளில்
'கிடையான' என்ற சொல்லைச் சிவப்பால் வெட்டினாள்.
கொழும்பில் எங்கள் ஓடுபாதை எப்படியிருக்குமோ,
யார் கழுவுகிறார்களோ.
பிறகு, தாளைப் பார்த்தபடியே,
"கதவுப் பக்கம் நேர் என்று எடுத்தால்
மேடைப் பக்கம்?"

அவளுக்குத் தெரியும்.
"மறை" என்றேன்.
தாளை என் பக்கம் தள்ளினாள்.
அது மேசையில் கரகரவென்று உராய்ந்து வந்தது.

வாசலில் ஒரு புள்ளிமான்
பயிற்சித் தாளொன்றை மென்றுகொண்டிருந்தது.
திருமலை மான்களுக்குக் கடதாசி புதிதல்ல.
பாதி வெளியில் தொங்கியதை வாசித்தோம்:
ஒன்பதாம் கணக்கு. இரண்டு பேரும் பிழைவிட்டது.
விட்டுவிட்டோம்.

கிண்ணியா பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம்.
ஜெகதாக்காவிடம் கொடுப்பதற்குக் குற்றிகளை எண்ணினோம்,
நான் ஒருமுறை, அவள் ஒருமுறை.
நாற்பத்தொன்பது.

ஐம்பதாவதை எந்தப் பக்கம் தேடுவதென்று
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
இரண்டு பேரும் கதவடிக்குப் போய்
முழங்காலில் குனிந்தோம்.