பதினொன்று இருபதிலிருந்து பன்னிரண்டு வரை

வியன்னாவில் எந்த அருங்காட்சியகம்
எந்தக் கிழமை மூடியிருக்கும் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
எந்தக் கோபுரத்துக்கு லிஃப்ட் இல்லை,
எந்த வாசலில் குடையை வாங்கி வைத்துக்கொள்வார்கள்,
டிராமில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால்
சிலைகள் முகம் காட்டும், எந்தப் பக்கம்
முதுகு மட்டும்.

போனதில்லை.
மனாமாவில், குதைபியா சலூனுக்கு மேல்மாடியில்,
ஏசி சொட்டும் தண்ணீரை
காலி மோர் வாளியில் பிடித்துக்கொண்டு
ஒன்பது வருஷமாய் ஆட்களை அனுப்புகிறேன்.
விசாவுக்கு நாள்வாரியாக அட்டவணை வேண்டும்.
09.00 அரண்மனை.
11.20 ஓவியக்கூடம்.
12.00 மதிய உணவு.
நானூறு வருஷத்து ஓவியங்களுக்கு
நாற்பது நிமிஷம் படியளக்கிறவள் நான்.

ஆகஸ்ட் கடைசியில் பதூல் டீச்சர் வந்தார்.
முஹர்ரக்கில் முப்பது வருஷம் கணக்கு எடுத்தவர்.
காரிலிருந்து மாடி ஏறுவதற்குள்
இளகிப்போன சாக்லேட் பெட்டியை மேஜையில் வைத்து
"உன் அட்டவணையில் ஒரு தப்பு" என்றார்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
ரயில் நேரமா? ஹோட்டலா?

போனை நீட்டினார்.
அரண்மனை இல்லை அதில். குதிரைமேல் ராஜா இல்லை.
ஒரு பெஞ்ச். அதற்கு எதிரே
இரண்டு உள்ளங்கை சேர்த்தால் மறைந்துவிடும் படம்:
தட்டில் மூன்று மீன்,
ஒன்றுக்கு வாய் திறந்திருந்தது.

யார் வரைந்தது டீச்சர்?
"பார்க்கவில்லை. பெரிய பெயரெல்லாம்
பக்கத்து அறையில் போல, அங்கேதான் கூட்டம்."
மூடுகிற மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாராம்.
மத்தியானத்துக்கு வாங்கிய டிக்கெட்டுகள்
பையிலேயே கிடந்தனவாம்.
"நம் கடல் மீன் இல்லை அது.
ஆனால் பிடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.
அது தெரிந்தது."
பிறகு, வகுப்பில் சொல்கிற மாதிரி:
"நாற்பது நிமிஷம் என்று எந்தக் கணக்கில் போட்டாய்?"

ஒரு கணக்குமில்லை.
பழைய ஃபைலில் இருந்தது, அப்படியே எடுத்து ஒட்டினேன்.

அடுத்தது டிமெல்லோ குடும்பம். நான்கு பேர், மூன்று இரவு.
பதினொன்று இருபதுக்கு நேரே எழுதினேன்,
அழித்தேன்,
மறுபடி எழுதி, அதையும் அழித்து
வெறுமனே விட்டுவிட்டு அனுப்பினேன்.

சாயங்காலம் போன்.
"மேடம், இங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறதே,
பிரிண்டர் கோளாறா?"
தூதரகம் என்ன சொல்லுமோ என்று
பயம் இருக்கத்தான் செய்தது.
"அங்கே ஒரு பெஞ்ச் இருக்கிறது சார்."
சற்று மௌனம்.
"எந்த மாடியில்?"

வாளி நிரம்பித் தரையில் ஓடத் தொடங்கியிருந்தது.
லைனில் இருங்கள் என்றேன்.
இன்னொரு போனில்
பதூல் டீச்சரின் நம்பரைத் தேடிக்கொண்டே
காலால் வாளியை நகர்த்தினேன்.