பந்து

நானூற்றுப் பன்னிரண்டு மணித்தியாலம்
பறந்திருக்கிறேன்,
தலவாக்கலையில், போன் திருத்தும் கடையின் பின்னறையில்,
கால் ஒடிந்த பிளாஸ்டிக் கதிரையில்.
கரண்ட் போய்
ஏழு தரம் கடலுக்கு மேல் அப்படியே நின்றிருக்கிறேன்.
யாரும் சாகவில்லை.

கொம்பியூட்டருக்குள் கிரேட் வெஸ்டர்ன் மலை இருக்கிறது,
உயரம்கூடச் சரி.
லயம் இருக்கவேண்டிய இடத்தில்
பச்சை. வெறும் பச்சை.
என் வீட்டுக்கு மேலால்
எத்தனையோ தரம் போயிருக்கிறேன்,
வீடு இல்லாமல்.

சனிக்கிழமை இரத்மலானையில்
முதல் தடவை நிஜமாய்.
அனுத்தரா, பயிற்சியாளர்,
என்னைவிட இரண்டு வயது இளையவள்.
ரேடியோவில் சொல்லவேண்டியதெல்லாம் பிசகாமல் சொன்னேன்.
எந்த ஆளி எங்கே என்று
கண்ணைக் கட்டினாலும் தெரியும்.
அவள் புருவம் உயர்ந்தது.
விமானம் உயர்ந்ததும்
புருவம் இறங்கியது.

"எங்கே பார்க்கிறாய்?"
முள்ளைப் பார்த்தேன். முள் ஆடியது.
துரத்தினேன், இன்னும் ஆடியது.
வெளியே முழு வானமும்
கேட்பாரற்றுக் கிடந்தது.
கொப்பித் தாளைக் கிழித்து
முட்களையெல்லாம் மூடி ஒட்டினாள்.
"இனி ஓட்டு."
அத்தனை வெளிச்சத்தில்
துழாவினேன்.

கால்களுக்கும் வேலை உண்டென்று அன்றுதான் தெரிந்தது,
இத்தனை நாளும் மேசைக்கடியில்
செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கிய கால்கள்.
"பந்து வெளியே போகுது,
இருக்கிற இடத்தில் உனக்குத் தெரியலையா?"
தெரியவில்லை.

கினிகத்தேனை ஏற்றம். ஹற்றன் பஸ்.
கடைசி சீட், நட்டநடு,
பிடிக்க ஒன்றுமில்லை.
வளைவில் ஒரு கருவாட்டுப் பொதிமேல் சரிந்தேன்,
அடுத்ததில் பொதிக்காரர் என்மேல்.
மூன்றாவதில் கண்ணை மூடினேன்.
ஐந்தாவதிலோ ஆறாவதிலோ
இடுப்பு முந்திக்கொண்டு சொன்னது:
வலப்பக்கம், கொஞ்சம்,
இன்னும் கொஞ்சம்.
கண்ணாடிக் குழாய்க்குள் உருளும் அந்தக் கறுப்புப் பந்து
நான்தான்.
வலது பாதம் தன்பாட்டில்
பஸ் தரையை மிதித்தது.
"என்ன தம்பி, பிரேக்கா?" என்றார் பொதிக்காரர்.

இரவு கடையைத் திறந்து
திரையின் கீழ்ப்பாதியில்
போன மாதக் கலண்டரை ஒட்டினேன்.
கதிரை சாயவில்லை. சாயாது.
நானே சாய்ந்து பார்த்தேன்,
ஒடிந்த கால் கிறீச்சிட்டது.

விசைப்பலகையில்
நிறுத்தும் விசை மட்டும் எழுத்தழிந்து தேய்ந்திருந்தது.
போன் திருத்தும் சின்னத் திருப்புளியால் நெம்பி
திருகாணி டப்பாவில் போட்டேன்.
ஓடுபாதை. வேகம். தூக்கல்.

ஒன்பதரைக்கு மின்சார சபை நிறுத்தியது.
மூடுபனிக்குள் ஊரே கறுத்தது.
கால் மட்டும் கொஞ்ச நேரம்
இருட்டில் மிதித்துக்கொண்டிருந்தது.