மூன்றாம் பக்கம், பதினொன்றாவது நிமிடம்

பெட்டி கனக்கிறது.
நூற்றெண்பது கிராமில் இரண்டு தட்டு,
ஆரஞ்சு மிட்டாய் நிறம்,
வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் விரல் தெரிகிறது.
மூவாயிரத்தில் என்னுடையது
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு.
பதின்மூவாயிரத்து இருநூறு யென்.
பில் போட்ட மிசோகுச்சிப் பையன்
"பரிசாகவா?" என்று கேட்டான்.
அபராதம் என்று சொல்ல வாய் வந்தது.
மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டேன்.

உள்ளே பழைய நுழைவுச்சீட்டின் நகல்.
அசல், சட்டைப் பையோடு சலவைக்குப் போய்
அந்த வாரமே கூழானது.
நகலில் இருக்கை எண்ணை அச்சிடவில்லை.
பதினாலாம் வரிசை, இருபத்திரண்டு.

சிண்டர் பாரிஷ்: ஒசாகாவில் இரண்டு இரவுகள்.
எழுபத்தாறு மார்ச்.
எனக்குப் பத்தொன்பது வயது,
ஆறடி இரண்டங்குலம்.
உட்கார்ந்துதான் கேட்க வேண்டும், மண்டபத்தின் விதி.
கைப்பட்டை கட்டிய ஆட்கள்
வரிசைகளுக்கு நடுவே டார்ச்சோடு நின்றார்கள்.
டெஸ் ஹார்க்கின் கிதாரைத் தலைக்கு மேல் தூக்கினான்.
எழுந்தேன்.
அப்புறம் உட்காரவில்லை.

டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் முடிந்து
சிம்பலின் கடைசி நடுக்கம் அடங்கும் இடத்தில்
ஒரு பெண்ணின் கூச்சல் வரும்.
தட்டை வாங்கிய எல்லோருக்கும் அது மனப்பாடம்.
அதன் அலைவடிவத்தை முழங்கையில்
பச்சை குத்திக்கொண்ட ஒருத்தன் பர்மிங்காமில் இருக்கிறானாம்.
புதிய கையேட்டில் அதற்கே ஒரு முழுப் பக்கம்:
'பரவசத்தின் விளிம்பில் பெயரறியாப் பெண்,
மொழியைக் கடந்த அலறல்.'

கடக்கவெல்லாம் இல்லை, ஐயா.
எங்கள் ஊர்ப் பேச்சு, கலப்படமில்லாத ஒசாகா.
என் பிடரிக்கு இரண்டு சாண் பின்னாலிருந்து:
"டேய் நெட்டை, உக்காருடா!
ஒரு எழவும் தெரியல!"

பழைய அச்சில் அது எங்களுக்கே விளங்காது.
இரைச்சல், கீறல், ஏழாயிரம் பேரின் மூச்சு.
அந்தத் தைரியத்தில்தான்
எத்தனையோ மதுக்கடைகளில் இந்தக் கதையைச் சொன்னேன்.
திரும்பினேன், குனிந்தேன்,
மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்,
பாவம், அது மட்டும் பதியவில்லை என்று முடிப்பேன்.
சிரிப்பார்கள். ஒரு பீர் வரும்.
சொல்லிச் சொல்லி
குனிந்தபோது கழுத்தில் பட்ட காற்றுகூட
ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

இப்போது மூல நாடாவைத் தேடி எடுத்து
கழுவித் துடைத்துப் போட்டிருக்கிறார்கள்.
முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் பரிசோதித்தவன் நான்.
பன்னிரண்டாம் மாடியில் கம்பி ஓர் இழை அறுந்தால்
தரைத்தளத்தில் நின்று சொல்வேன்.
ஹெட்போனை மாட்டினேன்.

யாரோ இருமுகிறார்கள்.
டார்ச்க்காரனின் ஷூ தரையில் கீச்சிடுகிறது.
ஹார்க்கின் ஒயரைப் பிடுங்கிச் செருகும் டப்.
அவள் கத்துகிறாள்,
ஒவ்வொரு எழுத்தும் உரித்த சுளையாக.
அதற்குப் பிறகு இரண்டு விநாடி.

இரண்டு விநாடி நிறைய நேரம்.
மன்னிப்புக் கேட்கலாம்.
உட்காரலாம், எழுந்து இன்னொருமுறை உட்காரலாம்.
அங்கே இருப்பது
மூக்கு வழியாக வந்த ஒரு சின்னச் சிரிப்பு.
ஹ்ம்.
அவ்வளவுதான்.
என் அப்பாவும் அப்படித்தான் சிரிப்பார்.
உடனே கிதார் வந்து மூடிவிடுகிறது.

மூவாயிரம் பிரதி.
ஒஸ்லோவில் ஒருவர், சாவோ பாவ்லோவில் ஒருவர்
இந்நேரம் நல்ல ஸ்பீக்கரில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.
ஏதோ கொசுறு சத்தம் என்று விட்டுவிடுவார்கள்.

அவளும் காசு கொடுத்துத்தான் வந்திருப்பாள்.
இரண்டாயிரத்து எண்ணூறு யென்னுக்கு
ஒன்றேகால் மணி நேரம்
என் சட்டையின் முதுகு. நீலக் கட்டம்.

ஊசியை எடுத்துப் பின்னால் வைக்கிறேன்.
இருமல். ஷூ. டப்.
ஹெட்போன் ஒயர் குட்டை, நாற்காலிக்கு எட்டாது,
பிளேயர் பக்கத்தில் நின்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.
கத்துகிறாள்.
ஹெட்போனைக் கழற்றிவிட்டு
உட்காருகிறேன்.
இங்கிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
தட்டு சுற்றுகிறது, ஆரஞ்சு நிறத்தில்.