மூன்றில் ஒரு பங்கு

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது டெஸ்ட் செல்.
சுவரெல்லாம் முட்டை அட்டை போல ஒலி தின்னும் பஞ்சு.
கஜபதியின் ஆட்டோவிலிருந்து இறக்கிய எஞ்சின்
டைனமோமீட்டரோடு மல்லுக்கு நிற்கிறது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கஜபதி,
கையில் ஆறிப்போன டீ.

இரண்டு ஸ்ட்ரோக் என்பது
கதவில்லாத கல்யாண மண்டபம்.
ஒரு பந்தி எழுவதற்குள் அடுத்த பந்தி நெட்டும்.
தின்றவன் கைகழுவப் போகிற நெரிசலில்
இலையையே பார்க்காதவனும்
அவனோடு தெருவுக்கு வந்துவிடுவான்,
மூன்று பேரில் ஒருவன்.
நாலு ஸ்ட்ரோக்குக்கு வால்வு உண்டு,
வாசலில் ஆள் போட்ட மாதிரி.
இதற்குப் பிஸ்டன்தான் எல்லாம்.

இப்போது மாட்டியிருப்பது
ஒன்றன் தலையில் ஒன்றாக இரண்டு இன்ஜெக்டர்.
மேலே இருப்பது பெட்ரோலை அளந்து வைக்கும்,
பாலாடையில் மருந்து அளப்பது போல.
கீழே இருப்பது காத்திருக்கும்.
முதலில் வெறும் காற்று வந்து
அறையைக் கூட்டிப் பெருக்கும்.
வாசல் மூடும்.
அப்புறம்தான், ஆறு பார் அழுத்தத்தில், ஒரு ஊது.
டிக்.
மயிரிழையைப் பத்தாக வகுந்தால் வருகிற பொடி.
துளி என்று சொல்ல வாய் வராது.

மெய்யெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு
பேசிப் பாருங்கள்.
க்
தொண்டையிலேயே நிற்கும்.
உயிர் வந்து ஏறினால்தான்
கா, கூ,
யாரையாவது கூப்பிடலாம்.

இரவு இரண்டே கால்.
எரியாத பெட்ரோலைக் காட்டும் முள் படுத்துவிட்டது.
பழுதோ என்று மெர்லின்
குழாயைப் பிடுங்கி மறுபடி சொருகினாள்.
படுத்தேதான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை எஞ்சினை ஆட்டோவில் ஏற்றி
பாடி வரைக்கும் ஒரு ஓட்டம்.
சிக்னலில் திரும்பிப் பார்த்தார்.
“மேடம், வண்டி ஆஃப் ஆயிடுச்சு.”
இல்ல, ஓடுது.
நம்பாமல் இறங்கி, பின்னால் போய்
மூடியில் புறங்கை வைத்துப் பார்த்தார்,
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.
“வாசனயே இல்ல.
வேற யாரோ வண்டிய ஓட்ற மாரி கீது.”

மூன்றில் ஒரு பங்கு என்று
அப்போதுதான் சொன்னேன்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
பச்சை விழுந்தது. அவர் நகரவில்லை.
நாளைக்கு அஞ்சு லிட்டர்,
வருஷத்துக்கு முந்நூறு நாள்,
பதினேழு வருஷம்.
பின்னால் ஹாரன், வசவு.
விரல் மடக்கி முடித்தார்:
“எட்டாயிரத்து ஐநூறு. ஒரு டேங்கர்ல முக்கால்வாசி.”

பணமாக மாற்றிப் பார்ப்பார் என்று நினைத்தேன்.
கண்ணாடியைப் பார்த்தார்.
அதில் ஸ்கூட்டியில் ஒரு பெண்.
அவள் கைகளுக்கு நடுவே நின்ற பையன்
பள்ளிக்கூட டையைக் கடித்துக்கொண்டிருந்தான்.
“இவங்கோ மூஞ்சிலயா போச்சு?”

அதற்கு என்னிடம் கிராஃப் இல்லை.

அடுத்த மாதம் எல்லாவற்றையும் கழற்றினோம்,
ஒப்பந்தம் அப்படி.
செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த
பழைய கார்பரேட்டரைக் கொடுத்தேன்.
மாட்டச் சொல்லவில்லை.
மடியில் வைத்துக்கொண்டு
சாவி போடாத வண்டியில் உட்கார்ந்திருந்தார்.
மெர்லின் டீ வாங்கி வந்தாள். குடித்தார்.

“மாட்டிடுங்க,” என்றார் கடைசியில்.
“காலைல ஸ்கூல் சவாரி கீது. எட்டுப் பசங்க.”

ஐடிலிங் ஸ்க்ரூவை நான்தான் திருகினேன்.
ஒன்றரைச் சுற்று.