கெலமங்கலம் வழி

இரண்டு நாற்பதுக்கு இடைவேளை.
சிப்காட் கேன்டீனில் டீ ஆடை கட்டிக்கொண்டிருக்க
ராயக்கோட்டை முனிரத்தினம் வந்தார்,
செல்போனுக்குள்.
அங்கே தக்காளி லாரி இறங்கும் நேரம்.
என் விரலில் இன்னும் கட்டிங் ஆயில் வாசம்.
ஊர் தூங்கும்போது விழித்திருக்கக் கூலி வாங்குகிறவர்கள்,
அதனால்தான் இந்தப் பேரமே.

அவருக்கு வேண்டியது என் கோல்கீப்பர்.
லாரன்ஸ் டோப்னோ, வயது முப்பத்துநான்கு,
அனிச்சை தொண்ணூற்றொன்று, நிதானம் எண்பத்தெட்டு.
அம்மா கிடையாது, ஊர் கிடையாது.
கணினி ஒருநாள் பெயர்ப் பையில் கைவிட்டு
எடுத்துப் போட்ட ஆள்.
ஐந்து சீசனாக என் வலையைக் காத்தான்.
வலை என்பதும் ஓர் எண்தான்.

எட்டுப் பேர், எட்டு அணி.
பர்கூரில் மருந்துக்கடை, பாலக்கோட்டில் எல்ஐசி,
காவேரிப்பட்டணத்தில் ஒருவர்
என்ன செய்கிறார் என்று இதுவரை சொன்னதில்லை.
மட்டை பிடித்தவள் நான் ஒருத்தி,
கெலமங்கலம் பள்ளியில், பத்தாவது வரை, லெஃப்ட் ஹாஃப்.
விடிந்து ஆறு மணிக்கு மாற்றுக்கதவு சாத்திவிடும்.

தருவதாகச் சொன்னார்:
பெள்ளியப்பா, பெனால்டி கார்னர் அடிப்பவன், இருபத்துமூன்று,
கூடவே அடுத்த ஏலத்தில் மூன்றாம் சுற்று.
இரண்டாம் சுற்று, என்று எழுதினேன்.
அவர் ஒன்றும் எழுதவில்லை.
மண்டிக்காரர் மௌனம் எனக்குத் தெரியும்,
பேசாமலே கிலோவுக்கு மூன்று ரூபாய் இறக்கிவிடும்.
நானும் டீயைக் குடித்தேன்.
'எழுதுகிறார்' என்று வந்தது.
நின்றது.
வந்தது.

"பொட்டிக்கு அடியில என்ன இருக்கு, ஓசூரு?"

இருபது வருஷமாக
மேலே சிவந்து உருண்டதைப் பார்க்காமல்
முழங்கை வரை விட்டு
அடியில் கசிந்ததைத் தடவிப் பார்க்கிற கை.

அடியில் இருந்தது முழங்கால்.
இந்த வாரம் ஆட்டத்தை ஓட்டுகிற முறை என்னுடையது,
மறைத்த பத்தி எனக்கு மட்டும் திறக்கும்:
வலது முட்டி நாற்பத்தொன்று.
ஐம்பதுக்குக் கீழே போனவன்
எந்த ஞாயிற்றுக்கிழமையும் படுத்துவிடலாம்.

'நல்ல கண்டிஷன்' என்று தட்டினேன். அழித்தேன்.
'ஒண்ணுமில்லீங்க.' அழித்தேன்.
மாவட்டப் போட்டிக்கு முதல் நாள்
பி.டி. டீச்சரிடம்
வலிக்கவே இல்லை மிஸ் என்றவள்.
இப்போதும் படியிறங்கும்போது
அந்த 'இல்லை மிஸ்' கிரீச்சென்கிறது.

"முட்டி போயிடுச்சு. நாப்பத்தொண்ணு."

பதில் வாசலிலேயே நின்றிருந்ததுபோல் வந்தது.
"தெரியும். மூணு ஆட்டமா
வலப்பக்கம் வந்ததெல்லாம் உள்ள போகுது.
எம் பொட்டியையும் கேட்டுக்க.
பெள்ளியப்பா இன்னொரு மஞ்சள் அட்டை வாங்கினா
நாலு ஆட்டம் வெளியே.
கோபக்காரப் பய."
பிறகு:
"ரெண்டாம் சுத்தே எடுத்துக்க."

சத்தமாகவே சிரித்துவிட்டேன்.
(பாலக்கோடு எப்படியும் ஆட்சேபிப்பார்.
எல்லா மாற்றுக்கும் ஆட்சேபிப்பார்.
மூன்று ஓட்டு வேண்டும், அவரிடம் இருப்பது ஒன்று.)

பதினான்காவது வரிசையை வெட்டும்போது
பக்கத்து நாற்காலிப் பையன் எட்டிப் பார்த்தான்.
போன வாரம் இரண்டாம் பிளான்ட்டிலிருந்து
ஒரு டிரில்லிங் மெஷினோடு
இங்கே அனுப்பப்பட்டவன்.
பேட்ஜில் பெயர் பாதி தேய்ந்திருக்கும்.
திரையைத் தொட்டான்.
"டோப்னோ? நம்ம ஆளு.
எந்த ஊர்?"

ஊர் என்று ஒரு பத்தியே நாங்கள் போடவில்லை.
தெரியலைப்பா, என்றேன்.

"இப்ப எங்க அனுப்புறீங்க?"

ராயக்கோட்டை.

கொஞ்சம் யோசித்தான்.
கிளாஸின் அடியில் மிஞ்சிய சர்க்கரையை
விரலால் வழித்தபடி கேட்டான்:
"பஸ் இருக்கா?"

சங்கு ஊதியது. எல்லோரும் எழுந்தார்கள்.
இருக்கு, என்றேன்,
கெலமங்கலம் வழி.
முதல் வண்டி நாலே முக்காலுக்கு.