நின்ற வரி

"ஜெனரேட்டர் போட்டுட்டேனுங்க" என்றேன்.
"மணிக்கு எத்தனை லிட்டரு குடிக்குமுங்?"
டீசல் நோட்டைக் கையில் எடுத்தபடியே தெய்வசிகாமணி.

அவர்மேல் தப்பில்லை.
அந்த வருசம் திருப்பூரில்
அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்,
அதிலிருந்து புகை வரும்.

நான் போட்டது ஃபங்ஷன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்,
உள்ளே அங்கங்கே யீல்டு என்றொரு சொல்.
போன மாதம் வரை என் கோடு
வலப்பக்கமாய்ச் சரிந்துகொண்டே போனது:
நூல் வந்தால் நிட்டிங், நிட்டிங் முடிந்தால் சாயப்பட்டறை,
சாயம் முடிந்தால் காம்பாக்டிங், முடிந்தால், முடிந்தால்,
கடைசியில் பதினோரு அடைப்புக்குறிகள்
கறிவிருந்து முடிந்த ஒறம்பரை மாதிரி
வாசலில் அவரவர் செருப்பைத் தேடின.

இப்போது மேலிருந்து கீழே படிக்கலாம்.
சாயப்பட்டறையைக் கேட்கிறது.
நிற்கிறது,
கையில் இருப்பதைக் கீழே வைக்காமல்:
லாட் 4417, நேவி ப்ளூ, முந்நூற்று இருபது கிலோ.
சர்வரில் வேலைக்கு இருப்பது ஒரே ஆள்.
அவன் அதற்குள் இன்னொரு பார்ட்டியின் பில்லுக்குப் போய்விடுவான்.
பதில் வந்ததும் திரும்பி வந்து
நெக்ஸ்ட் என்பான்.
சமன் குறிக்கு இந்தப் பக்கம் காலியாய்க் கிடந்த பெயர்
பதிலை வாங்கி மடியில் போட்டுக்கொள்ளும்,
அடுத்த வரி நகரும்.

கலர் ஒத்துவரவில்லையா,
அந்தப் பிழையையும் அதே வாசல் வழியாய் எறியலாம்.
நின்ற இடத்திலேயே பிடிக்கும்.
முன்பு அது யார் தலையில் விழும் என்று
விழுந்த பிறகுதான் தெரியும்.

ஒரு தடவை யீல்டு போட மறந்தேன்.
செவ்வாய் மதியம் நாற்பது பண்டல் ஸ்டிக்கரில்
எடை என்ற இடத்தில்
ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட் என்று அச்சாகி லாரி ஏறியது.
பேக்கிங்கிலிருந்து நவமணி போன் போட்டாள்:
"ஏனுங், ஆப்செட்டுங்கறது கிலோவா பவுண்டா?"
எடை வரும் என்ற வாக்கு அது.
வாக்கைத் தராசில் ஏற்றியிருந்தேன்.

அந்த வாரமே ஒரு ராத்திரி, ஒன்பதே முக்கால், கரண்ட் போனது.
கீழே பன்னிரண்டு வட்ட மெசின்களும்
பாதிச் சுற்றில் நின்றன,
ஊசிக்கு ஊசி கண்ணியைப் பிடித்தபடி.
மேலே சர்வரில் இருநூற்றுப் பதினேழு ஃபங்ஷன்கள்
ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன.
ஊசி கரண்ட் இல்லாமலும் பிடித்திருக்கும்.
என்னுடையவை எதையும் நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.
யூபிஎஸ் பேட்டரி பழசு, பதினான்கு நிமிசம் தாங்கும்.

படியில் ஓடினேன்.
"சென்னியப்பண்ணா, ஜெனரேட்டரு!"
"இருங் அம்மணி, சித்தெ. டீசல் ஊத்திக்கறேன்."
கேனைச் சாய்த்தார்.
புனல் தன் அவசரத்துக்குத்தான் இறக்கியது.
என் ஜெனரேட்டருக்கு அவர் ஜெனரேட்டர் வேண்டியிருந்தது.
அதை அவரிடம் சொல்ல நேரமில்லை,
சொன்னாலும் புனல் பெரிதாகாது.

பதின்மூன்றாவது நிமிசம் இருமியது,
மறுபடி இருமியது,
பிடித்துக்கொண்டது.

இருநூற்றுப் பதினேழில் மூன்று
காத்திருக்கும் நேரம் கடந்து பிழையாயின.
மற்றவை விட்ட வரியிலிருந்து நடந்தன,
ஒன்றுமே நடக்காத மாதிரி.
துணி அப்படி மறைக்காது.
காலையில் ரோலை விரித்தபோது
மெசின் நின்ற இடத்தில் குறுக்கே மெல்லிய கோடு,
செக்கிங் ஆள் சாக்பீஸால் சுழித்து வைத்திருந்தான்.

அதைப் பார்த்துவிட்டு மேலே வந்து
ஒவ்வொரு யீல்டுக்கும் முன்னால்
டேட்டாபேஸில் ஒரு வரி எழுத வைத்தேன்:
எந்த லாட், எங்கே நின்றது.
கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுகிறது.

மாதக் கடைசியில் டீசல் நோட்டில்
தெய்வசிகாமணி புதுசாய் ஒரு பத்தி பிரித்திருந்தார்.
மாடி ஜெனரேட்டர்.
லிட்டர்: இல்லை.
கீழே பென்சிலில், விசாரிக்கவும்.