முந்நூறு கிராம்

பிப்ரவரி. மக்காச்சோளம் தலைக்குமேல் நிற்கிறது,
கதிரில் இன்னும் பால் பிடிக்கவில்லை.
சிம்பேத்தேயில் இந்த மாதத்துக்கு
வீட்டுக்கு வீடு ஒரே பெயர்.
ஃபலேசி அதை எனக்குச் சொல்லித் தந்தாள், தணிந்த குரலில்,
கெட்ட வார்த்தை சொல்வதுபோல.

ம்பாவா மரத்தின் தாழ்ந்த கிளையில் தராசு.
கொக்கியில் ஒரு நீலக் கால்சட்டை,
யாருக்கும் சொந்தமில்லாதது.
ஒவ்வொரு குழந்தையும் அதற்குள் இறங்கி
ஒரு நிமிடம் அந்தரத்தில் உட்கார்ந்து
அழுதுவிட்டுப் போகும்.

நான் வந்து பதினெட்டு நாள்.
என்னிடம் அடையாள அட்டை இருந்தது,
கொசுவுக்கு மூன்று வகைக் களிம்பு இருந்தது.
ஃபலேசியிடம் பதினோரு வருடம் இருந்தது.
சம்பளமில்லாத பதினோரு வருடம்,
யாரோ எப்போதோ கொடுத்த ஒரு சைக்கிள்,
அதில் முன்பக்கத்துக்கு மட்டும் பிரேக்.

அன்று காலை அவள் மாவு மூட்டைகளை எண்ணப் போனாள்.
முள்ளைப் பார்ப்பது என் வேலை.
எட்டு புள்ளி நான்கு என்றேன்.
ஒன்பது என்றேன்.
பள்ளிக்கு மட்டம் போட்ட லமேக்கி
பென்சிலை நாக்கில் நனைத்துப் பதிவேட்டில் ஒருமுறை,
குழந்தையின் பாஸ்போர்ட்டில் ஒருமுறை எழுதினான்.
பாஸ்போர்ட் என்றுதான் இங்கே அந்த நோட்டுக்குப் பெயர்:
தடுப்பூசி, காய்ச்சல், எடை.
எந்த எல்லையிலும் அதை யாரும் கேட்டதில்லை.

கோட்டுக்குக் கீழே என்றால் மாவு.
மேலே என்றால் என் சிரிப்பு.
நிறையச் சிரித்தேன் அன்றைக்கு.

வரிசை கலைந்ததும் விளையாட்டு.
ஒரு சேவலை நிறுத்தார்கள், ஒரு பூசணியை,
பிறகு என் முதுகுப்பையை.
'லிம்பானியைவிட உன் பை கொழுத்திருக்கு' என்றான் லமேக்கி.
லிம்பானிக்கு இரண்டரை வயது.
திடமாக இரு என்று பொருள் அந்தப் பெயருக்கு.
எல்லோரும் சிரித்தோம். லிம்பானியும்.

கடைசியில் யாரோ
காலிக் கால்சட்டையை மறுபடி கொக்கியில் மாட்டினார்கள்.
காற்றில்லை. உள்ளே யாருமில்லை.
முள் முந்நூறில் நின்றது.

இரவெல்லாம் மழை. கொடியில் நனைந்து கிடந்த துணி.
குழந்தைகளோடு சேர்த்து
மழையையும் நிறுத்திருக்கிறேன்.

ஃபலேசி திட்டவில்லை.
தராசின் திருகைத் தொட்டு
முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள்.
பதிவேட்டில் விரல் வைத்துக்கொண்டே போனாள்:
தண்ணீரால் கோடு தாண்டியவர்கள் ஆறு பேர்.
கழித்துவிட்டால் போதாதா என்றேன்.
'காலையிலிருந்து காய்ந்துகொண்டே வந்திருக்கும்.
யாருக்கு எவ்வளவு கழிப்பாய்?'

லிம்பானி அங்கேயே இருந்தான். அவன் முதல்.
மற்ற ஐவருக்கு நடந்தோம்,
சைக்கிளின் பின்னால் தராசும் மாவும் கட்டி,
சோளத்துக்கு நடுவே ஆளை விழுங்கும் ஒற்றையடிப் பாதையில்.
ஒரு வீட்டில் தாய்க்குக் கோபம்,
குழந்தையை மட்டும் நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
ஒரு வீட்டில் பூசணி இலையை வேகவைத்துத் தந்தார்கள்.
வேண்டாம் என்று வாயெடுத்தேன்.
ஃபலேசி என் காலை மிதித்தாள்.
சாப்பிட்டேன்.

கடைசி வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.
'பகலெல்லாம் அழுகை, இப்போதுதான்...' என்றாள் தாய்.
மாவை வைத்துவிட்டுப் போகலாமே என்று பார்த்தேன்.
ஃபலேசி அதற்குள் பாயோரம் உட்கார்ந்துவிட்டாள்.
கோழிகள் அடைந்தன. கொசுக்கள் வந்தன.
களிம்பு பையில் இருந்தது, எடுக்கக் கூச்சமாயிருந்தது.

இருட்டியபின் அது தானாகக் கண் விழித்தது.
கூரை உத்தரத்தில் கொக்கியை மாட்டினோம்.
லமேக்கி டார்ச் அடித்தான்.
முதலில் காலிக் கால்சட்டை: பூஜ்யம்.
பிறகு குழந்தை: ஏழு புள்ளி எட்டு.
காலையில் எழுதியதை ரப்பரால் அழித்தான் லமேக்கி,
தாள் கிழிகிற அளவுக்கு.

திரும்பும் வழி இறக்கம்.
சைக்கிளைப் பிடித்து நிறுத்த மூன்று பேர் தேவைப்பட்டோம்.
நீலக் கால்சட்டை என் தோளில்.
ஈரம் இருக்கிறதா என்று
வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.